ஒத்தக்கடையில் ஒரு குவளைத் தண்ணீர்

ஒத்தக்கடை என்ற பெயரைக் கேட்டதும், ஒரேயொரு கடையும், அதன் திண்ணையில் தூங்கி வழியும் ஒரு கடைக்காரரும் உள்ள சிற்றூர் என்று நேயர்கள் எண்ணிவிடக் கூடாது. 'ஒற்றைக் கடை' என்பதே மக்கள் வாக்கில் ஒத்தக்கடை ஆயிற்று. ஆனால் அந்த ஒற்றைக் கடை எந்தக் காலத்தில் இருந்ததோ, யாம் அறியோம். இன்று மதுரையிலிருந்து மேலூர் செல்லும் ராஜபாட்டையில் ஏறத்தாழ ஆறு மைல் சென்று இவ்வூரில் இறங்கினால், இருமருங்கும் கடைகளைத் தவிர வேறொன்றும் எளிதில் கண்ணுக்குத் தென்படாது. சர்க்கார் தஸ்தாவேஜிகளில் இதற்கு 'யா. ஒத்தக்கடை' என்று பெயர். 'யா' என்பது யானைமலை. மனிதர்கள் தகப்பனார் பெயரின் முதலெழுத்தைச் சூடிக்கொள்வது போல, இவ்வூர் தன் பின்னால் படுத்திருக்கும் மலையின் முதலெழுத்தைச் சூடிக்கொண்டிருக்கிறது.

இவ்வூருக்கு நாம் பிரயாணம் செய்தோம் என்று சொல்லிக்கொள்வதில் சிறிது வெட்கமும் உண்டு. நம் பள்ளிக்கூடம் மதுரையில். நம் வீடோ ஒத்தக்கடைக்குச் சற்று அப்பால். பத்து ஆண்டுகளாகத் தினந்தோறும் இருமுறை பஸ்ஸில் இவ்வூரைக் கடந்து போகிறோம். கடந்து போனதேயன்றி இறங்கிப் பார்த்ததில்லை. காசிக்கும் ராமேசுவரத்துக்கும் போய் வந்தவர்கள் அடுத்த தெருப் பிள்ளையாரைக் கும்பிட்டிருக்க மாட்டார்கள் அல்லவா? அந்த ஜாதிதான் நாமும். சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் பதினான்கு பேர், "சார், யானைமலைக்கு அழைத்துப் போங்கள்" என்று பிடிவாதம் பிடித்ததால்தான் இந்த யாத்திரை வாய்த்தது.

மாட்டுத்தாவணியில் பஸ் ஏறினோம். சிறிது தூரத்தில் உலகனேரி வந்தது. 2004-ஆம் ஆண்டிலிருந்து ஹைகோர்ட்டின் மதுரைக் கிளை இங்கே நடைபெறுகிறது. பெயரிலே ஏரியைச் சுமந்து நிற்கும் இடங்கள் மதுரையைச் சுற்றி எத்தனையோ. ஏரியைத்தான் தேட வேண்டியிருக்கிறது. தென் ஜில்லாக்களின் கண்மாய் ஆக்கிரமிப்பு வழக்குகளெல்லாம் இந்த உலகனேரிக்குத்தான் விசாரணைக்கு வருகின்றன என்று சொன்னபோது, ஒரு பையன், "ஏரி தன் வழக்கைத் தானே கேட்கிறது போலிருக்கிறது, சார்" என்றான். தமிழ் வாத்தியாருக்கு இதைவிடச் சந்தோஷம் வேறு என்ன வேண்டும்?

ஒத்தக்கடையில் இறங்கி, நரசிங்கம் செல்லும் பாதையில் திரும்பியதும் மலை முழு உருவத்தோடு எதிர்ப்பட்டது. துதிக்கையை நீட்டிப் படுத்த யானைதான். வேறு உவமை தேடுவது வீண் வேலை. ஏறக்குறைய இரண்டு மைல் நீளத்துக்கு ஒரே பாறை. மதுரையை அழிக்கச் சமணர்கள் ஏவிய யானையைச் சோமசுந்தரக் கடவுள் நரசிங்கக் கணை எய்து வீழ்த்தினார், அதுவே மலையாய்ச் சமைந்தது என்று திருவிளையாடற் புராணம் கூறும். சமணரைப் பற்றிய பழைய பகைமையை விட்டுவிட்டுக் கதையை மட்டும் பிள்ளைகளுக்குச் சொன்னோம். பிறகு அந்தச் சமணர்களே வாழ்ந்த குகைத்தளத்தையும் காட்டினோம். மழைநீர் குகைக்குள் வழியாமல் வெளியே சொட்டும்படி பாறையின் நெற்றியில் காடி வெட்டும் வித்தையை மதுரைக் குன்றுகளில் தங்கிய அத்துறவிகள் நன்கு அறிந்திருந்தார்கள். மழைத்துளி எங்கே விழுந்து எங்கே போகும் என்பது, சகலத்தையும் துறந்தவர்களுக்கும் விசாரத்துக்குரிய விஷயமாகவே இருந்திருக்கிறது.

மலையடியில் நின்றபடி ஒரு கணக்குப் போட்டோம். ஒரு ஏக்கர் பாறையின்மேல் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் எவ்வளவு தண்ணீர்? சுமார் 40,000 லிட்டர். பாறை குடிக்காது, வெயிலில் காய்வது போக ஏறக்குறைய அத்தனையும் கீழே இறங்கிவிடும். இப்போது வீட்டுக்கு வீடு வந்து இறங்கும் தண்ணீர்க் கேன் ஒன்று 20 லிட்டர். ஆகவே ஒரு ஏக்கர், ஒரு சென்டிமீட்டர், இரண்டாயிரம் கேன்! பிள்ளைகள் மலையை அண்ணாந்து பார்த்தார்கள். யானை திடீரென்று கறவைப் பசுவாகிவிட்டது.

நரசிங்கத்துக் குடைவரைக் கோயிலைப் பற்றி விரிவாக எழுத ஆசைதான், இடம் போதாது. பாண்டியன் நெடுஞ்சடையன் பராந்தகனின் அமைச்சன் மாறன் காரி, 770-ஆம் ஆண்டில் இதைத் தொடங்கி, நிறைவு காணுமுன் காலமானான். அவன் பின் அமைச்சனான தம்பி மாறன் எயினன் முகமண்டபம் செய்து முடித்தான். அண்ணன் விட்ட பணியைத் தம்பி ஏற்று முடித்த செய்தி கல்லிலே வட்டெழுத்திலும் கிரந்தத்திலும் பொறித்திருக்கிறது. கோயிலுக்கு எதிரே குளம். மாசி மாதத்தில், அருகிலுள்ள திருமோகூரிலிருந்து காளமேகப் பெருமாள் இங்கே எழுந்தருள, கஜேந்திர மோட்சம் நடைபெறுகிறது. காளமேகம் என்பது கார்மேகம். யானை வடிவான மலையடிக்கு மேகத்தின் பெயர் தாங்கிய பெருமாள் வருவதைப் பற்றி நாம் வியாக்கியானம் ஒன்றும் செய்யப் போவதில்லை. ஆடிப் பிறந்தது முதல் ஐப்பசி வரை வானத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் குடியானவனுக்கு அது தானாகவே விளங்கும்.

வெயில் ஏறிவிட்டது. பிள்ளைகள் கொண்டுவந்த பாட்டில்கள் காலியாகிவிட்டன. தெருவில் ஒரு வீட்டு வாசலில் மூதாட்டி ஒருவர் உட்கார்ந்திருந்தார். குடிக்கத் தண்ணீர் கேட்டோம். உள்ளே போய்ப் பெரிய செம்பு நிறையக் கொண்டுவந்து, "பயப்படாமக் குடிங்க சார், கேன் தண்ணிதான்" என்றார்.

அந்த ஒரு வார்த்தை நம்மைத் தூக்கிவாரிப் போட்டது. நம் சிறு வயதில் எந்தக் கிராமத்து வீட்டில் தண்ணீர் கேட்டாலும், "எங்க கிணத்துத் தண்ணி, இளநீர் மாதிரி இருக்கும்" என்று பெருமை பேசாமல் கொடுக்க மாட்டார்கள். ஊர்த் தண்ணீரைப் பற்றிய கர்வம் ஊர்ப் பெயரைப் பற்றிய கர்வத்துக்குக் குறைந்ததன்று. இந்த அம்மையாரோ, இது எங்கள் ஊர்த் தண்ணீர் அல்ல, ஆகவே அஞ்ச வேண்டாம் என்று நமக்கு அபயம் கொடுக்கிறார்! "இங்கே கிணறு இல்லையா ஆத்தா?" என்று கேட்டோம். "இருக்கு, துணி துவைக்கக்கூட ஆகாது. சோப்பு நுரைக்க மாட்டேங்குது" என்றார்.

இதற்குள் கோயிற்பக்கமிருந்து ஒரு பெரியவர் வந்து சேர்ந்தார். நீர்பாய்ச்சி வேலை பார்த்த குடும்பம். அதாவது, கண்மாய் மடையைத் திறந்து மூடி, யாருடைய வயலுக்கு எத்தனை நாழிகை தண்ணீர் என்று பங்கிட்டுக் கொடுப்பவர்கள். அவர் எங்களைக் கண்மாய்க்கரைக்கு அழைத்துப் போனார். கரையில் சீமைக்கருவேல் காடாய் மண்டியிருந்தது. மலையிலிருந்து வரும் வரத்துக்காலைக் காட்டினார். அதன் பாதி வழியில் புது வீடுகள் எழும்பியிருந்தன. சமையலறைக் கழிவும் குளியலறைக் கழிவும் சாம்பல் நிறமாய் அதில் ஓடிக்கொண்டிருந்தன. மழைக்காகப் பாட்டனார் வெட்டி வைத்த பாதையில் இப்போது வருஷம் முழுவதும் தண்ணீர் வருகிறது. ஆனால் அது மேகம் தந்த தண்ணீர் அன்று.

"கண்மாய் வயலுக்கு, ஊருணி வாய்க்கு" என்று அவர் சொன்னார். இந்தச் சீமையில் அந்த வேற்றுமையை எவ்வளவு கண்டிப்பாகக் காத்தார்கள் என்பதை நகரவாசிகள் அறிய மாட்டார்கள். ஊருணியில் மாடு இறங்கக் கூடாது. துணி துவைக்கக் கூடாது. காலில் செருப்போடு படியில் கால் வைக்கக் கூடாது. குடத்தை முக்கி எடுப்பதற்கு ஒரு துறை, அதைப் பார்த்துக்கொள்ள ஊரே ஒரு காவல். கிருமியைப் பற்றிப் பாடம் படிக்காத ஜனங்கள் கிருமிக்கு எதிராகக் கட்டிய அரண் அது.

அந்தக் காவலில் ஒரு பெரிய கறையும் இருந்தது என்பதை மறைக்கலாகாது. ஊரின் ஒரு பகுதி ஜனங்களை ஜாதியைச் சொல்லித் துறையிலே இறங்கவிடாமல் நிறுத்தியதும் அதே காவல்தான். 1927 மார்ச் மாதத்தில் டாக்டர் அம்பேத்கர் மஹாத் நகரில் சவுதார் குளத்துத் தண்ணீரை ஆயிரக்கணக்கானவர்களோடு சென்று பருகிக் காட்ட வேண்டியிருந்தது. நூறு வருஷம் ஆகப்போகிறது, ஒழிந்ததா? 2022 டிசம்பரில் புதுக்கோட்டை ஜில்லா வேங்கைவயலில், தாழ்த்தப்பட்டோர் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்திருக்கக் கண்டார்கள். தண்ணீர் கெடுவது பாறையால் மட்டுமன்று, மண்ணால் மட்டுமன்று.

பெரியவர் பேசிக்கொண்டே போனார். 1895-இல் பென்னிகுயிக் துரை கட்டி முடித்த பெரியாறு அணையின் தண்ணீர், மேற்கே கடலுக்குப் போக வேண்டியது, மலையைக் குடைந்த சுரங்கம் வழியே கிழக்கே திரும்பி, வைகையில் விழுந்து, பேரணையில் பிரிந்து, மேலூர்ச் சீமைவரை வந்த கதையை நாம் புஸ்தகத்தில் படித்திருக்கிறோம். அவரோ அதைத் தம் பாட்டனாரின் வயல் வழியாக அறிந்தவர். கண்மாய் நிறைந்தால் வயல் நனையும், வயல் நனைந்தால் கிணறு ஊறும், கிணறு ஊறினால் வாய்க்கு ருசியான தண்ணீர். கண்மாய் வயலுக்கு என்று வாயால் சொன்னாலும், வாய்க்கும் அதுவே ஆதாரம். "வயல் போச்சு. வயல் போனா மடையை யாரு தேடுவா? மடையைத் தேட ஆளில்லேன்னா கண்மாயை யாரு பாப்பா?" என்றார். பிறகு சாதாரணமாக, "சார் வீடு எந்தக் கண்மாய்ப் பாசனத்துல இருக்கு?" என்று கேட்டார்.

நமக்குப் பதில் தெரியவில்லை. எம்.ஏ. பட்டம் பெற்று இருபது வருஷம் உபாத்தியாயம் செய்தவன், பதினான்கு மாணாக்கர்களுக்கு முன்னால் விழித்துக்கொண்டு நின்றோம்.

இங்கே நம் சொந்த வரலாற்றைச் சிறிது சொல்லியாக வேண்டும். நாம் மனை வாங்கியபோது அதன் மூலையில் பழைய வயற்கிணறு ஒன்று இருந்தது. சுமார் முப்பதடி ஆழம். கல்லால் கட்டிய சுவர். இரண்டு வருஷம் அதிலேதான் குடித்தோம். வீடு கட்டும்போது, இடம் வேறு இல்லையென்று கிணற்றுக்குப் பதினைந்து தப்படி தள்ளிக் கழிவுத் தொட்டி கட்டினோம். பக்கத்து மனைக்காரரும் அவ்வாறே, அதற்கு அடுத்தவரும் அவ்வாறே. பாதாளச் சாக்கடை இல்லாத இடத்தில் எல்லோரும் செய்வது இதுதான். ஒரு ஐப்பசி மழைக்குப் பின் கிணற்றுத் தண்ணீரில் வாடை தட்டிற்று. சிலாப்புப் போட்டுக் கிணற்றை மூடினோம். ஆழ்துளைக் கிணறு தோண்டினோம். நூற்றுக்கணக்கான அடிக்குக் கீழே தண்ணீர் வந்தது. வந்த தண்ணீர் உப்பு. பாத்திரத்தின் அடியில் வெள்ளையாய்ப் படிந்தது. அதன்பின் கேன். மூன்று படிகளில் நாம் இறங்கிய இந்தப் பள்ளத்துக்கு வேறு எவரையும் குற்றம் சொல்ல வழியில்லை.

ரஸாயனம் போதிக்கும் நண்பர் ஒருவரிடம் கேட்டு நாம் தெரிந்துகொண்டது இது. இந்தப் பக்கத்துப் பூமி கடும்பாறைப் பூமி. ஆற்று மணலைப் போலத் தண்ணீரை வாங்கி வைத்துக்கொள்ளாது. மேலே மக்கிய பாறை சில அடி. அதற்குக் கீழே வெடிப்புகள். மேல்மட்டத்துத் தண்ணீர் மழையால் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுவது. ஆனால் கழிவுத் தொட்டியின் கசிவும் வயலுக்கு இட்ட உரமும் முதலில் சேர்வதும் அங்கேதான். அவற்றிலிருந்து வருவது நைட்ரேட். லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் போகலாகாது என்று இந்தியத் தர நிர்ணயம் கூறுகிறது. மிகுந்தால் கைக்குழந்தைகளின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் திறன் குன்றி, உடம்பு நீலம் பாரிக்கும். சரி, ஆழத்தில் தோண்டினால் தப்பலாமே என்றால், ஆழத்துத் தண்ணீர் பாறையோடு நெடுங்காலம் உறவாடியது. பாறையின் உப்புகளையும், சில இடங்களில் புளோரைடையும் கரைத்து வைத்துக்கொண்டிருக்கும். லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் புளோரைடு போதும். ஒன்றரைக்கு மேல் ஆகவே ஆகாது. மிஞ்சினால் பிள்ளைகளின் பல்லில் காவி படியும், நாளடைவில் எலும்பு இறுகும். தர்மபுரி, கிருஷ்ணகிரி ஜில்லாக்களில் இந்தக் கொடுமை முற்றியதால்தான் ஒகேனக்கல்லிலிருந்து காவேரித் தண்ணீரைக் குழாயில் கொண்டுபோக வேண்டியதாயிற்று. அத்திட்டம் 2013-இல் திறக்கப்பட்டது.

தாய்மார்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். காய்ச்சினால் கிருமி சாகும். நைட்ரேட்டும் புளோரைடும் சாகா. தண்ணீர் ஆவியாகிக் குறைவதால் அவை சற்று அடர்ந்தே நிற்கும். தெளிந்திருக்கிறது, ஆழத்தில் இருக்கிறது என்பதற்காகத் தண்ணீர் நல்லது ஆகிவிடாது. வங்காள தேசத்தில், குளத்து நீரால் பேதி வருகிறதென்று 1970-களில் லட்சக்கணக்கான குழாய்க் கிணறுகளை இறக்கினார்கள். பேதி குறைந்தது, ஆனால் பூமிக்கடியிலிருந்து ஆர்ஸெனிக் என்னும் பாஷாணம் ஏறி வந்தது 1990-களில்தான் உலகத்துக்குத் தெரிந்தது. பாற்கடலைக் கடைந்தவர்களுக்கு அமுதத்துக்கு முன் ஆலகாலம் கிடைத்தது போலத்தான். அமுதம் பங்கிட வந்த மோகினியின் பெயரால் அமைந்த திருமோகூர், ஒத்தக்கடைக்கு மிக அருகில் இருக்கிறது.

கண்மாய்க்கரையிலேயே பிள்ளைகள் ஒரு சோதனை செய்தார்கள். முந்தின வாரம் பள்ளி மாடியில் பிடித்த மழைத்தண்ணீர் ஒரு பாட்டில், மூதாட்டி வீட்டுக் கிணற்று நீர் ஒரு பாட்டில், அவர் கொடுத்த கேன் தண்ணீர் ஒரு பாட்டில். மூன்றிலும் ஒரே அளவு சோப்புக் கரைசலை விட்டுக் குலுக்கினார்கள். மழைநீர் உடனே பொங்கிக் கழுத்துவரை நுரைத்தது. கேன் தண்ணீரும் நுரைத்தது. கிணற்று நீரில் தயிர்போல் வெள்ளைத் திப்பி மிதந்ததேயன்றி நுரையில்லை. ஒரு மாணவி, "அப்படியானால் கேன் நல்லதுதானே, சார்?" என்று கேட்டாள். கேள்வி நியாயமானது. வடிகட்டிய நீரில் உப்பு குறைவு என்பது மெய்தான். ஆனால் அந்த ஒரு கேனை நிரப்ப ஏதோ ஓர் ஊரில் ஆழ்துளைக் கிணறு ஓடுகிறது. வடிகட்டும் யந்திரம் நமக்குத் தருவதைவிடச் சாக்கடைக்குத் தள்ளுவது பெரும்பாலும் அதிகம். நம் வீட்டுச் சமையலறை யந்திரத்தின் கதையும் அதுவே. மேலும், இந்தச் சோப்பு கிருமியைக் காட்டாது, புளோரைடையும் காட்டாது என்பதையும் அவளுக்குச் சொன்னோம். அவள் முழுத் திருப்தி அடைந்ததாகத் தெரியவில்லை.

திரும்பும் வழியில் பெரியவர் மலையின் வடகோடியைக் காட்டி, நரசிங்கம்பட்டிப் பக்கம் நடந்ததைச் சொன்னார். இவ்வட்டாரத்து ஜனங்கள் மலைக்காக எழுந்து நிற்காதவர்கள் அல்லர். 2010-ஆம் ஆண்டு வாக்கில் யானைமலையைக் குடைந்து சிற்ப நகரம் அமைக்கும் யோசனை எழுந்தபோது, சுற்றுக் கிராமங்கள் திரண்டு எதிர்த்தன; யோசனை கைவிடப்பட்டது. 2012-இல் மேலூர்ப் பக்கத்துக் கிரானைட் குவாரிகளின் ஊழல், அப்போது கலெக்டராயிருந்த சகாயத்தின் அறிக்கையால் வெளிப்பட்டது. சர்க்காருக்கு நஷ்டம் 16,000 கோடி ரூபாய்க்கு மேல் என்று எல்லோரும் பேசினார்கள். கல்லுக்காகத் தூர்ந்த கண்மாய்களையும் அறுந்த கால்வாய்களையும் குடியானவர்கள் மட்டுமே பேசினார்கள். பின்னர் 2024 நவம்பரில் அரிட்டாபட்டியை உள்ளடக்கிய நிலப்பரப்பு டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் போனது வெளியாயிற்று. அரிட்டாபட்டியோ 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம். ஏரிகளும் சுனைகளும் நிறைந்த குன்றுகள். 2025 ஜனவரி 7-ந் தேதி நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைத் தல்லாகுளம் வரை ஆயிரக்கணக்கான ஜனங்கள் பேரணியாய் வந்தார்கள், ஒத்தக்கடை வழியாகத்தான். அதே மாதம் 23-ந் தேதி மத்திய சர்க்கார் ஏலத்தை ரத்து செய்தது.

அன்று ஒத்தக்கடையில் பஸ்ஸுக்குள் இரண்டு மணி நேரம் அகப்பட்டுக்கொண்டு, வகுப்புக்கு நேரமாயிற்றே என்று முணுமுணுத்தவர்களில் நாமும் ஒருவர். இப்போது நினைத்தால் கூச்சமாயிருக்கிறது. எட்டியிருக்கும் சுரங்கத்தை எதிர்க்க ஆட்கள் வந்தார்கள். வரத்துக்காலில் விடும் சமையலறைக் குழாயை எதிர்த்து எந்த ஊரிலிருந்து யார் பேரணி வருவது? அங்கே எதிராளியும் நாமே, ஊர்வலம் போக வேண்டியவர்களும் நாமே.

மாலையில் வீடு திரும்பியதும், பெரியவரின் கேள்வி மனத்தை அரித்தது. பீரோவிலிருந்து கிரயப் பத்திரத்தை எடுத்தோம். பத்து வருஷமாக அதைப் பிரித்துப் பார்த்ததில்லை. கடனுக்காக ஒருமுறை பாங்கிக்குப் போய் வந்ததோடு சரி. பழைய தாய்ப்பத்திரத்தின் நகலில், நம் மனை இன்ன கண்மாயின் இன்ன மடைப் பாசனத்துக்குட்பட்ட நஞ்சை என்றும், அதிலுள்ள கிணற்றில் பாத்தியம் உண்டு என்றும் தெளிவாக எழுதியிருந்தது. உரக்கப் படித்தோம். இல்லாள் அடுப்படியிலிருந்து வந்து கேட்டுக்கொண்டிருந்தாள். "கிணற்றில் பாத்தியம் என்றால், அதன்மேல்தானே உங்கள் ஸ்கூட்டரை நிறுத்தியிருக்கிறீர்கள்?" என்றாள்.

பையன் டார்ச் விளக்கைக் கொண்டுவந்தான். ஸ்கூட்டரைத் தள்ளிவிட்டு, சிலாப்பில் இருந்த சிறு திறப்பின் மூடியை மூவருமாக நெம்பினோம். உள்ளே தண்ணீர் இருந்தது. நாம் எண்ணியதைவிட மேலேயே இருந்தது. ஒரு பாட்டிலில் மொண்டு, சுத்தமாக மூடி, சோதனைச் சாலைக்கு அனுப்பியிருக்கிறோம். கழிவுத் தொட்டியை எதிர் மூலைக்கு மாற்ற எவ்வளவு ஆகும் என்று கொத்தனாரை விசாரித்திருக்கிறோம். அவர் சொன்ன தொகையை இங்கே எழுதினால் நேயர்கள் நம்மைவிட அதிகமாகப் பயந்துவிடுவார்கள். அடுத்த சனிக்கிழமை அந்த மடை எங்கே இருக்கிறதென்று காட்டுவதாகப் பெரியவர் வாக்களித்திருக்கிறார். காலை ஆறு மணிக்கே வரச் சொன்னார். வெயில் ஏறினால் கருவேலங்காட்டுக்குள் நுழைய முடியாதாம்.